மொட்டை மரத்து ஸ்டாண்டு

அந்த மரத்தை மொட்டையடித்தது நான்தான். ரம்பத்தை நான் தொடவில்லை. ஏணியில் ஏறவும் இல்லை. ஏறச் சொல்லியிருந்தால் இரண்டாவது படியிலேயே தலை சுற்றி இறங்கியிருப்பேன். நான் செய்ததெல்லாம் பூங்காத் துறைக்கு ஒரு கடிதம் எழுதியதுதான். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு எதிரில் இருக்கும் எங்கள் சைக்கிள் ஸ்டாண்டின் மேல் கிளைகள் படர்ந்து இடைஞ்சலாக இருக்கின்றன, தக்க நடவடிக்கை எடுக்கவும் என்று எழுதினேன். தக்க நடவடிக்கை என்பது எவ்வளவு பெரிய சொல் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. நாலு கிளையைக் கழித்துவிட்டுப் போவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். வந்தவர்களுக்கு அன்று வேறு வேலை இல்லை போலிருக்கிறது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் போய்ப் பார்த்தால், பாதித் தெருவை மூடிக்கொண்டு நின்ற மரத்தைக் காணோம். அது இருந்த இடத்தில், எந்த ராட்சசப் பையனோ உண்டிவில்லை நட்டு வைத்துவிட்டு ரப்பர் வாங்கப் போன மாதிரி, இரண்டாகப் பிரிந்த ஒரு கட்டை நின்றது.

அது என்ன மரம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வெட்டச் சொல்லி எழுத அதன் பெயர் தேவைப்படவில்லை.

கடிதத்துக்குக் காரணம் என் மனைவி சொன்ன ஒரு வார்த்தை. ஒரு சாயங்காலம் அந்த மரத்தடியில் நின்றபோது காக்கை ஒன்று அவள் தோளில் தன் கடமையைச் செய்துவிட்டுப் போனது. "பாருங்க, காலையிலதான் இஸ்திரி போட்டேன்" என்று சொல்லிச் சிரித்தாள். அவ்வளவுதான். புருஷனிடம் பேச்சுவாக்கில் சொன்னது. ஆனால் என் காதில் அது புகாராக விழுந்தது. புகார் என்று வந்துவிட்டால் என் கை சும்மா இருக்காது. சம்பளம் வாங்குவதே அதற்குத்தான்.

எங்கள் கம்பெனி ஊருக்கெல்லாம் சைக்கிள் கொடுக்கிறது. தெருவுக்குத் தெரு ஸ்டாண்டு. போனைக் காட்டினால் பூட்டு திறந்துகொள்ளும். எடுத்த சைக்கிளை எடுத்த இடத்திலேயே விட வேண்டியதில்லை, எந்த ஸ்டாண்டிலும் விடலாம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் ஊர் சரிவில் இருக்கிறது. கடைத்தெருவும் ஆபீஸ்களும் மேட்டில், வீடுகள் கீழே ஆற்றங்கரையில். சாயங்காலமானால் ஊரே சைக்கிளில் ஏறிச் சுகமாகக் கீழே இறங்கிவிடும். மறுநாள் காலையில் அதே ஊர் பஸ் பிடித்து மேலே வரும். சைக்கிள்கள் மட்டும் மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி கீழேயே கிடக்கும்.

அவற்றை லாரியில் ஏற்றி மேலே கொண்டுவருவதற்கென்றே ஒருவர் இருக்கிறார். லாரியைக் கப்பல் மாதிரி மெதுவாக ஓட்டுவதால் அவரைக் கேப்டன் என்போம். எந்த ஸ்டாண்டில் எத்தனை இறக்க வேண்டும் என்று கேப்டனுக்கு முன்கூட்டியே சொல்வதும் புகார் கேட்பதும் என் வேலை. சொல்வதற்கு வானத்தைப் பார்க்க வேண்டும்.

மழை பெய்தால் யாரும் சைக்கிள் எடுக்க மாட்டார்கள், இது குழந்தைக்கும் தெரியும். மழை வரலாம் என்று செய்தியில் சொன்னாலே எடுக்க மாட்டார்கள் என்பது இந்த வேலைக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மழை விட்ட பிறகும் சீட்டு காயும்வரை கிட்டே வர மாட்டார்கள். லேசான குளிர் பிடிக்கும். அதே குளிரோடு எதிர்க்காற்று சேர்ந்தால் பஸ்ஸுக்குப் போய்விடுவார்கள். நிழல் இருக்கிற தெருவில் வெயிலிலும் ஆற அமர மிதிப்பார்கள். கண்ணாடிக் கட்டடங்கள் வரிசையாக நிற்கிற தெருவில், ஏதோ கடன்காரன் துரத்துகிற மாதிரி ஓட்டுவார்கள். மரங்கள் உள்ள ஸ்டாண்டுகளுக்கு எப்போதும் நாலு சைக்கிள் கூடுதலாக அனுப்பு என்று புதிதாக வருகிறவர்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன். இத்தனையும் தெரிந்த மகானுபாவன்தான் அந்தக் கடிதத்தை எழுதினேன்.

மரம் போன வாரத்திலேயே ஸ்டாண்டு படுத்துவிட்டது. எங்கள் சீட்டுகள் கறுப்பு. உச்சி வெயிலில் அதில் உட்கார்ந்த ஒரு வக்கீல் உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்து, கோர்ட்டு வரைக்கும் நின்றபடியே மிதித்துப் போனதாகப் பக்கத்து பாங்க் காவலாளி சொன்னார். முன்பெல்லாம் சாயங்காலத்தில் சைக்கிளுக்காக ஆட்கள் காத்து நின்ற இடத்தில், இப்போது சைக்கிள்கள் யாராவது வர மாட்டார்களா என்று வரிசையாக நின்றன. கடிதம் எழுதியது யார் என்பது தெரு முழுக்கத் தெரிந்திருந்தது. ஆபீஸில் எனக்கு மொட்டை என்று பெயர் விழுந்தது. என் தலையும் அந்தத் திசையில்தான் போய்க்கொண்டிருந்ததால் பெயர் சிரமமில்லாமல் ஒட்டிக்கொண்டது.

ஸ்டாண்டு படுத்ததைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். என் மனைவி சைக்கிளை விட்டுவிட்டாள். அதுதான் எனக்கு விழுந்த அடி.

அவள் அந்த மூக்குக்கண்ணாடிக் கடையில், பின்னால் இருக்கிற சின்ன அறையில், லென்ஸைத் தேய்த்துச் சட்டத்துக்குள் பொருத்துகிறாள். என் ஆபீஸ் அடுத்த தெருவில். போன வருஷம் அவளை அரித்தெடுத்து நான்தான் சைக்கிள் கற்றுக்கொடுத்தேன். ஆற்றங்கரை மைதானத்தில் பின்சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடி, அவள் நிமிர்ந்து ஓட்ட ஆரம்பித்த அன்று நான் முட்டி பிசகிப் படுத்தேன். அதிலிருந்து தினமும் சாயங்காலம் இரண்டு பேரும் மரத்தடியில் சந்திப்போம், ஆளுக்கொரு சைக்கிள் எடுப்போம், பக்கம் பக்கமாகக் கீழே இறங்குவோம்.

எங்கள் வீட்டில் இரண்டே அறை. ஒன்றில் மகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எங்கோ இருக்கும் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். இன்னொன்றில் என் அப்பா, காதுக்கு மிஷின் வைக்க மாட்டேன் என்று சபதம் எடுத்துக்கொண்டு, தெருக்கோடி வரை கேட்கும்படி டிவி பார்க்கிறார். சமையலறையில் இருவர் நின்றால் ஒருவர் பாத்திரம் கழுவ வேண்டும், அது நானாகிவிடும். ஆக, புருஷன் பெண்டாட்டி மனம்விட்டுப் பேச எங்களுக்கு வாய்த்தது அந்த இறக்கம்தான். மேனேஜர் என்னை மதிக்காதது, மகள் வெளியூர் வேலைக்குப் போய்விட்டால் வீடு என்னவாகும் என்ற பயம், வயதாவது, எல்லாவற்றையும் அங்கேதான் அவளிடம் கொட்டினேன். வீட்டு வாசலுக்கு எதிரே இருக்கும் ஸ்டாண்டில் சைக்கிளை விடும்போது எனக்கு மனசு இறகு மாதிரி இருக்கும்.

மரம் போன மறுநாள், கடையிலிருந்து வெளியே வந்தவள் கையால் நெற்றியை மறைத்துக்கொண்டு, வெயிலாக இருக்கிறது, நான் பஸ்ஸில் வருகிறேன் என்றாள். நியாயம்தான் என்று நினைத்தேன். அடுத்த நாளும் வெயில். அதற்கடுத்த நாளும்.

சீட்டுச் சூடுதானே பிரச்சினை என்று கடற்பஞ்சு வைத்து ஒரு உறை தைக்கச் செய்து, குளிர்ந்த தண்ணீரில் நன்றாக ஊறவைத்து அவள் சீட்டில் மாட்டினேன். எனக்காக ஓட்டினாள். சீட்டு குளுகுளுவென்றுதான் இருந்திருக்க வேண்டும். ஆனால் வீட்டு வாசலில் அவள் இறங்கித் திரும்பியபோது, எதிர்வீட்டுக்காரர் மரியாதை கருதி வானத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவள் சைக்கிளைத் தொடவில்லை.

பிறகு மேகம் போட்டது. நான் குஷியாகப் போய் நின்றேன். மழை வரும் போலிருக்கிறது என்று பஸ் ஏறிவிட்டாள். மழை வரவில்லை. மறுநாள், காற்றாக இருக்கிறது என்றாள். காற்று அடங்கிய நாளில் வேலையில் கண் களைத்துவிட்டது என்றாள். அவள் சொல்வது ஒவ்வொன்றும் எங்கள் ஆபீஸில் நாங்களே ஒப்புக்கொண்ட காரணம் என்பதால் என்னால் எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியவில்லை. ஆனால் வானிலையின் மேல் ஒரு சந்தேகம் வந்தது.

எங்கள் ஆபீஸில் புள்ளி என்று ஒரு பெண் இருக்கிறாள். புள்ளிவிவரம் பார்ப்பவள். ஏசி குளிருக்கு இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, ஊரில் எந்த மூலையில் எவ்வளவு வெயிலுக்கு எத்தனை சைக்கிள் ஓடும் என்று கம்ப்யூட்டரிடம் கேட்டுச் சொல்வாள். கம்ப்யூட்டர் சொன்னது பெரும்பாலும் பலிக்கும். நான் விஷயத்தைச் சுற்றி வளைத்துச் சொன்னேன். ஒரு குறிப்பிட்ட வாடிக்கையாளர் இருக்கிறார், அவர் எந்த வானிலையில் ஓட்டுவார் என்று பார்க்க முடியுமா என்று. அவள் கேட்டாள், "அக்காவா சார்?"

மரியாதை போனால் போகிறது என்று ஆமாம் என்றேன். என் மனைவியை ஒரு ஸ்டாண்டாகக் கம்ப்யூட்டரில் சேர்த்துக்கொண்டாள். போன வருஷம் அவள் ஓட்டிய நாட்கள், அன்றைய வெயில், ஈரம், காற்று எல்லாம் உள்ளே போயின. கடையில் கூட்டம் அதிகமான நாட்களையும் போட வேண்டும் என்றாள் புள்ளி. அதையும் நினைவுபடுத்திச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து என் மேஜைக்கு வந்தாள்.

"நாளைக்கு அருமையான நாள் சார். வெயில் இல்ல, மழை இல்ல, காத்து பின்னாலேருந்து. அக்கா கண்டிப்பா ஓட்டணும்."

"ஓட்டலன்னா?"

"ஓட்டலன்னா வானிலை பேர்ல குத்தம் இல்ல. ஸ்டாண்டுலதான் ஏதோ பழுது."

மறுநாள் நிஜமாகவே அப்படியொரு சாயங்காலம். வானம் வெளுத்த துணி மாதிரி மெத்தென்று இருந்தது. ஊரே சைக்கிள் ஏறியது. கேப்டன் போன் செய்து, கீழே ஸ்டாண்டுகள் வழிகின்றன, நாளைக்கு இரண்டு நடை அடிக்க வேண்டும், இது எந்தப் பாவியின் வேலை என்று வானத்தைத் திட்டினார். நான் ஒரு சைக்கிளை என் போனில் எடுத்தேன், இன்னொன்றைக் காவலாளியின் போனில் எடுத்தேன். இரண்டு கையிலும் இரண்டு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, ராஜா ராணிக்குக் குதிரை பிடிப்பவன் போல மொட்டைக் கட்டைக்குப் பக்கத்தில் நின்றேன்.

அவள் கடையிலிருந்து வந்தாள். கூட வேலை பார்க்கும் மூத்த அம்மாள் பக்கத்தில். என்னைப் பார்த்தாள், இரண்டு சைக்கிளையும் பார்த்தாள், வானத்தையும் ஒரு தடவை பார்த்தாள். அதில் ஒரு குறையும் கிடைக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அந்த நேரம் பார்த்துப் பஸ் வந்தது. ஏறிக்கொண்டு ஜன்னல் வழியாக எனக்குக் கை காட்டினாள். நானும் காட்டியிருப்பேன், இரண்டு கையிலும் சைக்கிள் இருந்தது.

பழுது ஸ்டாண்டில்தான் என்றாகிவிட்டது. மரம் செத்ததில் அவளுக்கு என்மேல் வருத்தம், அதை வாய்விட்டுச் சொல்லாமல் வெயில், காற்று என்று சாக்குச் சொல்கிறாள், இப்படித்தான் எனக்குப் பட்டது. அவள் மதியத்தில் அந்த நிழலில் நின்று கண்ணுக்கு ஓய்வு கொடுப்பாள். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

இந்தச் சமயத்தில் மேனேஜர் கூட்டம் போட்டார். கண்ணாடிக் கடை ஸ்டாண்டை எடுத்துவிட்டு, புதிதாக வந்திருக்கும் பெரிய கடைக் கட்டடத்துக்குப் பக்கத்தில் வைக்கலாம் என்றார். அந்த இடம் நாங்கள் வீட்டுக்கு இறங்கும் வழிக்கு நேர் எதிர்த் திசை. ஸ்டாண்டு போய்விட்டால் அவளைச் சைக்கிளுக்குத் திரும்பக் கூப்பிடக்கூட எனக்கு ஒரு இடம் இருக்காது. நான் எழுந்து, நிழல் போனதால்தான் ஆள் வரவில்லை, நிழலைத் திருப்பிக் கொடுத்தால் ஆள் வரும், ஒரு வாரம் கொடுங்கள் என்று கேட்டேன். நிழல் எப்படிப் போனது என்று மேனேஜர் ஒன்றும் தெரியாதவர் போலக் கேட்டார். புள்ளி தன் ஸ்வெட்டர் பொத்தானை எண்ண ஆரம்பித்தாள். கேப்டன் மட்டும், "காத்துல விழுந்திருக்கும் சார்" என்றார். அவருக்கு நல்ல மனசு.

ஒரு வாரம் கிடைத்தது. நாற்றுப் பண்ணைகளில் செடிக்கு மேல் கட்டுவார்களே, பச்சை வலை, அதில் ஒரு பெரிய துண்டை வாங்கினேன். தலை சுற்றலையும் மீறிக் கேப்டனின் லாரி மேலே ஏறி, அவர் என் காலைப் பிடித்துக்கொள்ள, மொட்டைக் கட்டையின் இரண்டு கொம்பிலிருந்தும் பாங்க் சுவரில் இருந்த கொக்கிகளுக்கு இழுத்துக் கட்டினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. வலைக்குக் கீழே சீட்டுகள் தொடுகிற பதத்துக்கு ஆறின. காவலாளி தன் நாற்காலியை அங்கே நகர்த்திப் போட்டுக்கொண்டார். அன்று இரண்டு பேர் சைக்கிள் எடுத்தார்கள். நான் கேப்டன் கையைக் குலுக்கினேன்.

சாயங்காலம் காற்றுத் தூக்கியது. எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் எத்தனை பேர் சைக்கிளை விடுவார்கள் என்று சொல்லத் தெரிந்த எனக்கு, எத்தனை வேகத்தில் பச்சை வலை பறக்கும் என்று தெரிந்திருக்கவில்லை. ஒரு பக்கக் கயிறு அறுந்தது. வலை கப்பல் பாய் மாதிரி ஒரு தடவை உப்பி, காவலாளியின் தொப்பியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தது. அப்போதுதான் நிறுத்தத்திலிருந்து கிளம்பிய பஸ்ஸின் முகத்தில் போய் அப்பிக்கொண்டது.

ஓட்டுநர் நல்லவேளையாக உடனே நிறுத்தினார். வயலுக்குள் நுழைந்துவிட்டோம் என்று நினைத்தேன் என்று பிறகு சொன்னார். அதற்கு முன் அவர் சொன்னவற்றை எழுத முடியாது. பயணிகள் இறங்கினார்கள். கடைசியாக இறங்கியது என் மனைவி.

பஸ்ஸின் கண்ணாடித் துடைப்பானில் சிக்கியிருந்த வலையை, லென்ஸில் விழுந்த முடியை எடுக்கிற நிதானத்தோடு, ஒவ்வொரு கண்ணியாக விடுவித்தாள். தொப்பியைத் தட்டிக் காவலாளியிடம் கொடுத்தாள். பிறகு வலையின் ஒரு முனையை என் கையில் தந்துவிட்டு மறுமுனையோடு பின்னால் போனாள். வீட்டில் போர்வை மடிக்கிற மாதிரி, நடுத்தெருவில், இரண்டு பேரும் மடித்தோம். முனையைச் சேர்க்கக் கிட்டே வருவாள், எடுத்துக்கொண்டு விலகுவாள், மறுபடி கிட்டே வருவாள். கடைசி மடிப்பில் இருவர் கையும் ஒட்டி நின்றபோது, "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள். நான் வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தேன். என் முகத்தைப் பார்த்தாள். என்ன தெரிந்ததோ, "ஒண்ணுமில்ல, அப்புறம்" என்று வலையை என் கையில் திணித்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பார்க்க ஆரம்பித்தாள்.

மறுநாள் நான் கடைக்கே போனேன். அவள் உள்ளறையில் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தாள், கொர்ரென்ற சத்தம் வெளியே கேட்டது. முன்னால் அந்த மூத்த அம்மாள் ஒருவருக்குச் சட்டம் மாட்டிக் காதுக்குப் பின்னால் வளைத்துக்கொண்டிருந்தார். கல்லாவில் இருந்த கடை முதலாளியைக் கேட்டேன், ஏன் யாரும் சைக்கிள் எடுப்பதில்லை என்று. அவர் என் முகத்தைப் பார்த்து, பருவநிலை முன்னே மாதிரி இல்லை என்று உலகத்தின் மேல் பழியைப் போட்டார். வாடிக்கையாளர் தனக்கு முட்டி வலி என்றார். மரம் என்ற வார்த்தையை ஒருவரும் எடுக்கவில்லை. சாவு வீட்டில் பேசுகிற மாதிரி ஜாக்கிரதையாகப் பேசினார்கள்.

வாசல்வரை என் கூடவே வந்த மூத்த அம்மாள் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, அவ உங்ககிட்ட எதையும் சொல்ல மாட்டா. பயப்படுறா."

"என்னைப் பார்த்தா? என்னைப் பார்த்து எங்க வீட்டுப் பூனைகூடப் பயப்படாதுங்க."

"உங்களைப் பார்த்து இல்ல, நீங்க பண்றதைப் பார்த்து. காக்கானு ஒரு வார்த்தை சொன்னா, மரம் போச்சு. சீட்டு சுடுதுன்னா, நனைஞ்சுபோய் வீட்டுக்குப் போனா. வெயில்னா, பஸ்ஸுக்குப் போர்வை போத்திட்டீங்க. இனி வாயைத் தொறந்தா நீங்க என்னத்தைக் கட்டுவீங்களோ, எதை வெட்டுவீங்களோனு அவளுக்குக் கவலை. சும்மா கேட்டுக்கிட்டு மட்டும் இருக்க உங்களுக்குத் தெரியாதாமே?"

தெரியும் என்று சொல்ல வாய் எடுத்தேன். அடுத்த நொடியே, இதற்கு என்ன செய்யலாம் என்று மனசு யோசிக்க ஆரம்பித்திருந்ததைக் கவனித்தேன். வாயை மூடிக்கொண்டு ஆபீஸுக்கு நடந்தேன்.

ஒரு வாரம் முடிந்ததும் மேனேஜர் கூப்பிட்டார். நான் எதுவும் வாதாடவில்லை. ஸ்டாண்டை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் என்னிடமிருந்து இதை எதிர்பார்க்கவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று விசாரித்தார். மத்தியானம் கேப்டன் சைக்கிள்களை ஒவ்வொன்றாக லாரியில் ஏற்றினார். நானும் கைகொடுத்தேன். காலி இடத்தில் கட்டை மட்டும் நின்றது. கேப்டன் அதன் மேல் ஒரு தட்டு தட்டிவிட்டு ஏறிக் கிளம்பினார்.

சாயங்காலம் தூறல் ஆரம்பித்தது. சைக்கிள் எடுக்க ஒரு நாதியும் இல்லாத வானிலை. யாராவது வந்தாலும் எடுக்க ஸ்டாண்டு இல்லை. பஸ் நிறுத்தத்தில் என் மனைவி குடையை விரித்துக்கொண்டு நின்றாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். ஏன் இங்கே என்பது போலப் பார்த்தாள். நானும் பஸ்தான் என்றேன். குடையைக் கொஞ்சம் என் பக்கம் சாய்த்தாள்.

பின்னாலிருந்து மூன்றாவது வரிசையில் இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது. அவள் ஜன்னல் ஓரம். கண்ணாடியில் தண்ணீர் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. பஸ் இறக்கத்தில் மெதுவாகத் தவழ்ந்தது. முன்வரிசையில் ஒருவர் தூங்கி வழிந்தார். எத்தனையோ தடவை சைக்கிளில் இறங்கிய அதே ரோடு, ஆனால் உட்கார்ந்து பார்க்கும்போது வேறு ஊர் மாதிரி இருந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று நான் தவித்துக்கொண்டிருந்ததை அவள் கவனித்திருக்க வேண்டும்.

"என்ன கேக்கணும்?" என்றாள்.

"நீ ஏன் சைக்கிள்ல வர்றதில்லனு. வெயில், காத்து எதுவும் வேண்டாம். நேரா சொல்லு. மரத்தை நான் வெட்டினதாலயா?"

"சொன்னா என்ன பண்ணுவீங்க?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன்."

"யாருக்கும் எழுத மாட்டீங்களே?"

"மாட்டேன்."

"எதையும் வாங்கிட்டு வந்து கட்ட மாட்டீங்களே?"

"மாட்டேன்."

"அந்தப் புள்ளிப் பொண்ணுகிட்ட போய்ச் சொல்லக் கூடாது."

இதற்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. விஞ்ஞானத்துக்கு இழப்புதான். ஆனாலும் மாட்டேன் என்றேன்.

அவள் மடியில் இருந்த பையை நகர்த்தி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"மரத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லங்க. மரம் போனது வருத்தம்தான், அது வேற. எனக்கு சைக்கிள் ஓட்டப் பிடிக்கல. மொதல் நாள்லேருந்தே பிடிக்கல. நீங்க முட்டி போற அளவுக்கு ஓடி ஓடிக் கத்துக் குடுத்தீங்க, எப்படிச் சொல்றதுனு விட்டுட்டேன். அந்த இறக்கத்துல தினமும் உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு, ரெண்டு பிரேக்கையும் அழுத்திக்கிட்டு வருவேன். வெயில் ஒரு சாக்காக் கிடைச்சுது, இறங்கிட்டேன். உங்களோட வர்றது பிடிக்கும். அந்த வண்டியிலதான் பிடிக்கல."

எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, எங்கோ சுருக்கென்றும் இருந்தது. இத்தனை நாளாக நான் தூக்கிச் சுமந்த மரம், ஒரே பேச்சில் பஸ்ஸை விட்டு இறங்கிப் போய்விட்டது. ஆனால் அந்த இறக்கம் என்னவாயிற்று? நான் என்னையே திறந்து வைத்த அந்தச் சாயங்காலங்கள்?

"அப்ப, வழியெல்லாம் நாம பேசினோமே," என்றேன். "மேனேஜர் விஷயம், பொண்ணு வெளியூர் போனா வீடு எப்படி இருக்கும்னு எனக்கு இருந்த பயம், அது எல்லாம்?"

சொல்லலாமா வேண்டாமா என்று அவள் முகத்தில் ஓடியது. பிறகு சொன்னாள்.

"ஒண்ணுகூட என் காதுல விழல. எதிர்க்காத்து, லாரிச் சத்தம், பயம் வேற. உங்க வாய் அசையறது தெரியும், தலையை ஆட்டிட்டு வருவேன். இங்க நல்லாக் கேக்குது. இப்ப சொல்லுங்க."